மாதவிடாய் நிறைவுக்கால மறதி: சேலம், நாமக்கல் சமவெளியை முன்வைத்து ஒரு வரலாறு

மாதவிடாய் நிற்பதற்கு முன்னும் பின்னும் உள்ள சில ஆண்டுகளில் பல பெண்களுக்கு மறதி கூடுகிறது. தெரிந்த பெயர் நாவுக்கு வராது. அடுப்பில் பாலை வைத்துவிட்டு வேறு வேலைக்குப் போய்விடுவார்கள். கூட்டிக்கொண்டிருந்த கணக்கு பாதியில் விட்டுப்போகும். இந்நிலையை மருத்துவ எழுத்துகள் மூளை மந்தம் என்கின்றன. ‘பிரெய்ன் ஃபாக்’ என்ற பெயரும் இன்று பரவலாகப் புழங்குகிறது. இது தனியொரு நோயின் பெயர் அன்று. மாதவிடாய் நிறைவை ஒட்டி வரும் உடல் மாற்றங்களுள் ஒன்றாகவே இது கருதப்படுகிறது. பெரும்பாலான பெண்களுக்கு இது தற்காலிகமானது. இந்த ஒரு செய்தி உறுதிப்படுவதற்கு மருத்துவ உலகம் ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் எடுத்துக்கொண்டது. அந்த வரலாற்றையும், அது சேலம், நாமக்கல் சமவெளிப் பெண்களின் வாழ்வோடு எவ்வாறு தொடர்புடையது என்பதையும் இக்கட்டுரை விளக்குகிறது.

பட்டியலில் இல்லாத வயது

தமிழ்ப் பாட்டியல் நூல்கள் பெண்ணின் வாழ்வை ஏழு பருவங்களாகப் பிரித்தன. பேதை, பெதும்பை, மங்கை, மடந்தை, அரிவை, தெரிவை, பேரிளம்பெண் என்பன அவை. உலா இலக்கியங்கள் இப்பகுப்பைப் பின்பற்றின. பரவலாகச் சொல்லப்படும் கணக்கின்படி பேதைப் பருவம் 5 வயதில் தொடங்குகிறது. பேரிளம்பெண் பருவம் 32 முதல் 40 வயது வரை. அத்துடன் பட்டியல் முடிந்துவிடுகிறது. 40 வயதைக் கடந்த பெண்ணுக்கு அந்த வரிசையில் பெயர் இல்லை.

மருத்துவ நூல்கள் அந்த வயதை அறிந்திருந்தன. பெண்ணுக்கு மாதவிடாய் 12 வயதளவில் தொடங்கி 50 வயதளவில் நிற்கும் என்று சுசுருத சம்ஹிதை கூறுகிறது. இன்றைய இந்தியப் பெண்களுக்கு மாதவிடாய் நிற்கும் சராசரி வயது 46 முதல் 47 என்று கணக்கிடப்படுகிறது. மேலை நாடுகளில் இது 51 வயதை ஒட்டியுள்ளது. கொங்குப் பகுதியில் இம்மாற்றத்தைத் ‘தூரம் நின்றுவிட்டது’ என்று ஒரே சொற்றொடரில் சொல்லி முடித்துவிடுவது வழக்கம். அதனோடு வரும் தூக்கமின்மைக்கும் மறதிக்கும் தனிப்பெயர் கிடையாது. ‘வயசாச்சு’ என்பதே பொதுவான விளக்கம்.

இக்கால அரசுக் கணக்கெடுப்புகளிலும் இதே இடைவெளி காணப்படுகிறது. 1992–93 முதல் நடைபெற்றுவரும் தேசியக் குடும்பநல ஆய்வு 15 முதல் 49 வயது வரையிலான பெண்களையே நேர்காணல் செய்கிறது. பிள்ளைப்பேற்று வயதே அதன் அளவுகோல். 45 வயதுக்கு மேற்பட்டோரை ஆராயும் இந்திய முதுமை ஆய்வின் முதல் சுற்று 2017–18 இல்தான் நடந்தது.

பழங்காலத்தில் பெண்கள் இவ்வயதுவரை வாழவில்லை, அதனால்தான் இது பேசப்படவில்லை என்று சிலர் கருதுவதுண்டு. அது முழு உண்மை ஆகாது. அக்காலச் சராசரி ஆயுள் குறைவாக இருந்ததற்குக் குழந்தை இறப்பு முக்கியக் காரணம். குழந்தைப் பருவத்தையும் பிரசவங்களையும் தாண்டிய பெண்கள் பலர் ஐம்பதைக் கடந்தும் வாழ்ந்தனர். ஆயினும் கொள்ளைநோயும் பஞ்சமும் அந்த எண்ணிக்கையைக் குறைத்தன என்பதும் மெய்யே. 1876–78 ஆம் ஆண்டுப் பெரும்பஞ்சத்தில் கடுமையாகப் பாதிக்கப்பட்ட மாவட்டங்களுள் சேலம் ஒன்று. 1871 இல் சுமார் 19.7 லட்சமாக இருந்த மாவட்ட மக்கள்தொகை 1881 இல் சுமார் 16 லட்சமாகக் குறைந்தது. அத்தகைய காலத்தில் நடுவயதுப் பெண்ணின் மறதி யாருடைய கவனத்துக்கும் வந்திருக்க வாய்ப்பில்லை.

கணக்குப் புத்தகம் பெண் கைக்கு வந்த காலம்

மறதி எல்லாக் காலத்திலும் உண்டு. அது எப்போது இழப்பாக மாறுகிறது என்பது பெண்ணின் கையில் என்ன பொறுப்பு இருக்கிறது என்பதைப் பொறுத்தது. இதில் சேலம், நாமக்கல் சமவெளிக்குத் தனி வரலாறு உண்டு.

தமிழ்நாட்டில் மகளிர் சுய உதவிக் குழுத் திட்டம், பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியுடன் 1989 இல் தருமபுரி மாவட்டத்தில் தொடங்கப்பட்டது. 1991–92 இல் அது அன்றைய சேலம் மாவட்டத்துக்கும் விரிவாக்கப்பட்டது. நாமக்கல் அப்போது சேலம் மாவட்டத்தின் ஒரு பகுதி. 1997 சனவரி 1 அன்றுதான் அது தனி மாவட்டமாயிற்று. ஆகவே மாநிலத்திலேயே முதலில் குழு அமைத்துச் சேமித்த பெண்களுள் இச்சமவெளிப் பெண்களும் அடங்குவர்.

ஒவ்வொரு குழுவிலும் 12 முதல் 20 பேர் இருப்பர். ஊக்குநர், பிரதிநிதிகள் என்ற பொறுப்புகள் உண்டு. தீர்மானப் புத்தகம், ரொக்கப் புத்தகம், சேமிப்புப் பேரேடு, கடன் பேரேடு ஆகியவற்றை எழுத வேண்டும். யார் எவ்வளவு கட்டினார், யாருக்கு எத்தனை தவணை பாக்கி என்பதை நினைவில் வைத்திருக்க வேண்டும். அதுவரை வீட்டுச் செலவுக் கணக்கை மட்டும் மனத்தில் வைத்திருந்த பெண்கள், பத்துப் பதினைந்து குடும்பங்களின் பணத்துக்குப் பொறுப்பேற்றனர்.

1991 இல் 25 வயதில் குழுவில் சேர்ந்த ஒரு பெண்ணுக்கு 2012 இல் 46 வயது. மாதவிடாய் நிறைவின் சராசரி வயது அதுதான். கணக்குப் புத்தகத்தைக் கையில் வாங்கிய முதல் தலைமுறை, அந்தப் புத்தகத்தோடேயே இப்பருவத்தைக் கடந்திருக்கிறது. ஐந்நூறு ரூபாய் கணக்கில் இடித்தால் அது மறதியா, கையாடலா என்ற கேள்வி குழுவில் எழக்கூடும். காரணம் தெரியாத பெண் தனக்கு அறிவு மங்கிவிட்டது என்று நினைத்துப் பொறுப்பை விட்டுவிடவும் கூடும். பல ஆண்டு உழைப்பில் பெற்ற இடத்தை, சில ஆண்டுகளில் தணிந்துவிடும் ஒரு தொல்லைக்காக இழப்பது பெரிய நட்டமாகும்.

குழுவுக்கு வெளியே உள்ள வேலைகளும் கவனத்தைக் கோருபவையே. பள்ளிபாளையம், குமாரபாளையம், இளம்பிள்ளை, இராசிபுரம் வட்டாரங்களின் விசைத்தறிக் கூடங்களில் பெண்கள் தார் சுற்றுகின்றனர். தறி ஓட்டுவோரும் உண்டு. அறுந்த இழையை உடனே கண்டு முடிச்சுப் போடாவிட்டால் துணி பழுதாகும். நாமக்கல் கோழிப்பண்ணைகளில் முட்டை பொறுக்கி அட்டைக்கு 30 என்று அடுக்க வேண்டும். சேலம், ஆத்தூர்ப் பகுதி ஜவ்வரிசி ஆலைகளில் குச்சிக்கிழங்கை அரைக்கும் முன் தோல் உரிக்கும் வேலையில் கத்தி கையில் இருக்கும். கவனம் சிதறினால் கூலியும் குறையும், விரலும் அறுபடும்.

மருத்துவர்கள் கண்டதும் காணாததும்

‘மெனோபாஸ்’ என்ற சொல் பிரெஞ்சு மொழியில் பிறந்தது. ஷார்ல் த கார்தான் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1816 இல் இதன் முதல் வடிவத்தையும், 1821 இல் இன்று வழங்கும் வடிவத்தையும் பயன்படுத்தினார். இலண்டனில் மருத்துவராக இருந்த எட்வர்ட் ஜான் டில்ட், மாதவிடாய் நிறைவைப் பற்றி 1857 இல் விரிவான நூல் ஒன்றை வெளியிட்டார். பல நூறு பெண்களின் அனுபவங்களை அவர் தொகுத்திருந்தார். போதை மருந்து உண்டவரைப்போல மயக்கமும் மந்தமும் மறதியும் சூழ்வதை அவர் ‘போலிப் போதைநிலை’ என்னும் பொருள்படும் பெயரால் குறிப்பிட்டார். இன்று மூளை மந்தம் எனப்படுவதை மருத்துவ நூலில் பதிவு செய்த பழைய குறிப்புகளுள் அது ஒன்று.

டில்ட் கண்டது சரி. காரணம்தான் அக்காலத்தில் தெரியவில்லை. கருப்பைக்கும் மூளைக்கும் இடையே நரம்புவழிக் கோளாறு என்று எண்ணிய மருத்துவர்கள் அட்டை விட்டு இரத்தம் எடுத்தனர், அபினி கொடுத்தனர்.

காரணம் 20 ஆம் நூற்றாண்டில் துலங்கத் தொடங்கியது. 1923 இல் எட்கர் ஆலன், எட்வர்ட் டாய்சி என்ற அமெரிக்க அறிஞர்கள் சினைப்பையில் சுரக்கும் இயக்குநீரின் செயலை எலிகளில் நிறுவினர். 1929 இல் ஈஸ்ட்ரோன் என்ற இயக்குநீரை டாய்சி அமெரிக்காவிலும் அடால்ஃப் பூட்டனான்ட் ஜெர்மனியிலும் தனித்தனியே பிரித்தெடுத்தனர். இவ்வகை இயக்குநீர்களே ஈஸ்ட்ரோஜன் எனப்படுகின்றன. ஈஸ்ட்ரோஜனுக்குக் கருப்பையில் மட்டும் வேலை என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. 1990 இல் நியூயார்க் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், சினைப்பை நீக்கப்பட்ட பெண் எலிகளின் மூளையை நோக்கினர். நினைவாற்றலுக்கு இன்றியமையாத ஹிப்போகேம்பஸ் பகுதியில், நரம்பணுக்கள் ஒன்றோடொன்று தொடர்பு கொள்ளப் பயன்படும் நுண்முட்கள் குறைந்திருந்தன. ஈஸ்ட்ரோஜன் கொடுத்ததும் அந்தக் குறைவு தடுக்கப்பட்டது. இயக்குநீருக்கும் நினைவுக்கும் உள்ள தொடர்பு இவ்வாறு புலப்பட்டது.

‘இயற்கை’ என்று விற்கப்பட்டவை

இக்காலத்தின் துன்பங்களுக்கு ‘இயற்கை மருந்து’ விற்பது புதிய வணிகமன்று. அமெரிக்காவில் 1875 முதல் லிடியா பிங்கம் என்ற பெண்மணியின் பெயரால் மூலிகைக் கலவை ஒன்று விற்கப்பட்டது. பெண்களின் எல்லாத் தொல்லைகளுக்கும் அது மருந்து என்று விளம்பரம் செய்தனர். அதில் மூலிகைகளோடு கணிசமான அளவு சாராயமும் கலந்திருந்தது.

1942 இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த பிரிமரின் என்ற ஈஸ்ட்ரோஜன் மாத்திரையும் ஒருவகையில் இயற்கைப் பொருளே. சினைக் குதிரைகளின் சிறுநீரிலிருந்து அது தயாரிக்கப்பட்டது. 1966 இல் ராபர்ட் வில்சன் என்ற அமெரிக்க மருத்துவர், மாதவிடாய் நிறைவு ஒரு குறைபாட்டு நோய் என்றும் ஈஸ்ட்ரோஜன் உண்டால் இளமை நீடிக்கும் என்றும் வாதிடும் நூலை எழுதினார். நூல் பெருமளவில் விற்றது. ஈஸ்ட்ரோஜனை மட்டும் தனியே உண்டவர்களுக்குக் கருப்பை உட்சுவர்ப் புற்றுநோய் கூடுகிறது என்பது 1975 இல் வெளிவந்த ஆய்வுகளால் தெரிந்தது. அதன்பின் கருப்பை உள்ள பெண்களுக்கு மற்றொரு இயக்குநீரையும் சேர்த்துக் கொடுக்கும் முறை வந்தது.

அந்தக் கூட்டு மருந்தை 16,608 பெண்களிடம் சோதித்த அமெரிக்க மகளிர் நலத்திட்ட ஆய்வு, 2002 சூலையில் பாதியில் நிறுத்தப்பட்டது. மார்பகப் புற்றுநோய், பக்கவாதம் ஆகியவை மருந்து உண்டவர்களிடம் கூடுதலாகக் காணப்பட்டதே காரணம். அதன் கிளை ஆய்வு 2003 இல் வெளியானது. 65 வயதுக்கு மேல் அம்மருந்தைத் தொடங்கிய பெண்களுக்கு அறிவுத்திறன் இழப்பு நோயான டிமென்ஷியா ஏறத்தாழ இருமடங்கு காணப்பட்டதாக அது கூறியது. நினைவைக் காக்கும் என்று நம்பப்பட்ட மருந்து, முதிர்ந்த வயதில் தொடங்கினால் தீங்காகலாம் என்பது மருத்துவ உலகை உலுக்கியது. மாதவிடாய் நின்ற தொடக்க ஆண்டுகளில் உள்ள பெண்களின் நிலை வேறு என்பது பின்வந்த ஆய்வுகளால் தெளிவாயிற்று. உடல் காந்தலும் வியர்வையும் கடுமையாக உள்ளவர்களுக்கு இன்றும் மருத்துவர்கள் இச்சிகிச்சையைப் பரிந்துரைக்கின்றனர். மறதிக்காக மட்டும் அதைத் தொடங்குவதைப் பன்னாட்டு வழிகாட்டுதல்கள் பரிந்துரைப்பதில்லை.

மறதி மெய்யானது, தற்காலிகமானது

‘எனக்கு ஞாபகம் நிற்பதில்லை’ என்று சொன்ன பெண்களிடம், அது கவலையால் வருகிறது, மனப்பிரமை என்று சொல்லி அனுப்பியதே நெடுங்கால வழக்கம். அவர்கள் சொன்னது உண்மையா என்று அளந்து பார்க்கும் முயற்சி 1990களில்தான் பெரிய அளவில் தொடங்கியது. அமெரிக்காவின் ஏழு ஊர்களில் நடந்த ‘சுவான்’ என்னும் ஆய்வு, நடுவயதுப் பெண்களை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து பரிசோதித்தது.

அதன் ஒரு பகுதி 2009 இல் வெளியானது. 2,362 பெண்களுக்கு ஒரே வகையான நினைவுத் தேர்வுகள் நான்கு ஆண்டுகள் திரும்பத் திரும்ப வைக்கப்பட்டன. ஒரே தேர்வைப் பலமுறை எழுதும் எவருக்கும் பழக்கத்தால் மதிப்பெண் சற்று உயரும். மாதவிடாய் ஒழுங்காக வந்தவர்களிடம் அந்த உயர்வு இருந்தது. மாதவிடாய் நிற்கப்போகும் இடைக்காலத்தில் இருந்தவர்களிடம் அது காணப்படவில்லை. மாதவிடாய் முற்றிலும் நின்றவர்களிடம் அந்த உயர்வு மீண்டும் காணப்பட்டது. இதிலிருந்து இரண்டு முடிவுகள் கிடைத்தன. பெண்கள் சொன்ன மந்தம் கற்பனை அன்று. அது நிலைத்து நிற்பதும் அன்று.

மறதி உண்டு என்று சொன்ன பெண்களிலும் பெரும்பாலோரின் தேர்வு மதிப்பெண்கள் அவர்கள் வயதுக்குரிய இயல்பான எல்லைக்குள்ளேயே இருந்தன. பன்னாட்டு மாதவிடாய் நிறைவுச் சங்கம் 2022 ஆம் ஆண்டுக்கான உலக மாதவிடாய் நிறைவு நாளின் கருப்பொருளாக அறிதிறனையும் மனநிலையையும் எடுத்துக்கொண்டது. ஆண்டுதோறும் அக்டோபர் 18 அன்று அந்நாள் கடைப்பிடிக்கப்படுகிறது. இந்தியாவிலும் 1995 முதல் இந்திய மாதவிடாய் நிறைவுச் சங்கம் இயங்கிவருகிறது.

சமூகத்தின் பங்கு

இத்துன்பம் எல்லா ஊர்களிலும் ஒரே அளவில் சொல்லப்படுவதில்லை. மார்ஷா ஃபிளிண்ட் என்ற மானுடவியலாளர் இராஜஸ்தானிலும் இமாசலப் பிரதேசத்திலும் 483 இராஜபுத்திரப் பெண்களிடம் பேசி, 1975 இல் கட்டுரை எழுதினார். மாதவிடாய் நின்றதைத் தவிர வேறு தொல்லை எதையும் அவர்களில் மிகப் பெரும்பாலோர் சொல்லவில்லை. முக்காட்டுக்குள் இருந்த பெண், மாதவிடாய் நின்றபின் ஆண்கள் கூடும் இடத்தில் அமர்ந்து பேச முடிந்தது. அவர்களுக்கு அது ஒரு விடுதலை என்று ஃபிளிண்ட் விளக்கினார். மார்கரெட் லாக் என்ற கனடிய மானுடவியலாளர் 1993 இல் வெளியிட்ட நூல், ஜப்பானியப் பெண்கள் உடல் காந்தலைவிடத் தோள் இறுக்கத்தையே மிகுதியாகச் சொன்னதைக் காட்டியது.

இதிலிருந்து இந்தியப் பெண்களுக்குத் தொல்லையே இல்லை என்று கொள்ளக் கூடாது. பின்னர் நடந்த பல ஆய்வுகளில் இந்தியப் பெண்கள் களைப்பு, மூட்டுவலி, தூக்கமின்மை, மறதி ஆகியவற்றைச் சொல்லியிருக்கிறார்கள். கொங்கு நாட்டிலும் இவ்வயது இருமுனை கொண்டது. கோயிலுக்கும் விசேஷ வீட்டுக்கும் நாள் பார்க்காமல் போகும் உரிமை கிடைக்கிறது. அதே ஆண்டுகளில் மகளின் பிரசவம், பேரக்குழந்தை வளர்ப்பு, மாமியாரின் படுக்கை நோய் ஆகியவை ஒன்றாக வந்து சேர்கின்றன. ஒரே நேரத்தில் பல பொறுப்புகளைச் சுமக்கும் மனம் எந்த வயதிலும் மறக்கும்.

கர்ப்பப்பை அகற்றலும் மறதியும்

மாதவிடாய் இயல்பாக நிற்பது வேறு, அறுவை சிகிச்சையால் நிற்பது வேறு. கர்ப்பப்பையோடு இரு சினைப்பைகளையும் எடுத்துவிட்டால், ஆண்டுக்கணக்கில் படிப்படியாகக் குறைய வேண்டிய இயக்குநீர் ஒரே நாளில் குறைந்துவிடுகிறது. மாண்ட்ரியல் நகர ஆய்வாளர் பார்பரா ஷெர்வின் 1988 இல் வெளியிட்ட ஆய்வு, இத்தகைய பெண்களின் நினைவுத்திறன் குறைந்ததையும், இயக்குநீர் பெற்றவர்களிடம் அது குறையாததையும் காட்டியது. மாதவிடாய் நிறைவுக்கு முன்பே சினைப்பை எடுக்கப்பட்டவர்களுக்குப் பிற்கால அறிவுத்திறன் குறைவு கூடுதல் என்று அமெரிக்காவின் மேயோ மருத்துவமனை 2007 இல் கண்டறிந்தது.

தேவையற்ற கர்ப்பப்பை அகற்றலைத் தடுக்க இந்திய அரசு 2022 இல் வழிகாட்டுதல்கள் வெளியிட்டது. அவற்றை எல்லா மாநிலங்களும் மூன்று மாதங்களுக்குள் நடைமுறைப்படுத்த வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023 ஏப்ரலில் உத்தரவிட்டது. ‘பிள்ளை பெற்றாயிற்று, இனி எதற்கு’ என்ற பேச்சில் அறுவை சிகிச்சைக்கு ஒப்புக்கொள்வதற்கு முன், சினைப்பையும் எடுக்கப்படுமா என்று கேட்டறிவது அவசியம். இளவயதில் இரு சினைப்பைகளும் எடுக்கப்பட்டவர்கள் கைவைத்தியத்தை மட்டும் நம்பியிருக்காமல் மருத்துவரின் தொடர் கண்காணிப்பில் இருக்க வேண்டும்.

இயற்கையாக எதிர்கொள்ளும் வழிகள்

மூளை மந்தத்தைப் போக்கும் ஒற்றை மருந்து எதுவும் கண்டறியப்படவில்லை. அதை மேலும் கூட்டும் காரணங்களைக் களைவதே இயற்கை வழி எனலாம்.

தூக்கம்: அன்று கற்றது நினைவில் பதிவது தூக்கத்தில்தான். இரவில் உடல் காந்தி வியர்த்து எழும் பெண்ணுக்கு மறுநாள் மறதி கூடுவது இயல்பு. சேலம் சமவெளியில் கோடை வெப்பம் 40 பாகை செல்சியசைத் தொடும். ஓட்டு வீட்டிலும் தகர வீட்டிலும் இரவிலும் அனல் இறங்காது. மெல்லிய பருத்தி உடை, காற்றோட்டமான இடம், படுக்கும் முன் குளியல், மாலைக்குப் பின் தேநீரையும் காப்பியையும் தவிர்த்தல் ஆகியவை உதவும். விசைத்தறிக் கூடத்தில் இரவு ஷிப்ட் பார்க்கும் பெண்கள் பகலில் இருட்டறையில் தடையின்றித் தூங்க வீட்டார் இடம் தர வேண்டும்.

நடை: வாரத்திற்கு 150 நிமிடங்களாவது மிதமான உடலுழைப்பு வேண்டும் என்று உலக நலவாழ்வு நிறுவனம் கூறுகிறது. நாளொன்றுக்கு அரை மணி நேர விறுவிறு நடையாக ஐந்து நாட்கள் நடந்தால் இக்கணக்கு நிறைவேறும். மூளைக்குச் செல்லும் இரத்தக் குழாய்களின் நலத்துக்கும், நல்ல தூக்கத்துக்கும், மன இறுக்கம் தளர்வதற்கும் நடை துணை செய்கிறது. தறிக்கூடத்தில் நாள் முழுதும் நிற்பதால் கால் வலிக்கும். ஆனால் நின்றுகொண்டே இருப்பது நடைப்பயிற்சிக்கு ஈடாகாது.

உணவு: தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு இரத்தசோகை உள்ளது என்று ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வு தெரிவிக்கிறது. இரத்தசோகையே களைப்பையும் கவனக்குறைவையும் தரும். மாதவிடாய் நிற்கும் முன் சிலருக்கு உதிரப்போக்கு மிகும். அதனால் இரும்புச்சத்து மேலும் குறையும். கம்பு, கொள்ளு, எள், முருங்கைக்கீரை, பேரீச்சை ஆகியவை இச்சமவெளியில் எளிதில் கிடைப்பவை. உணவோடு எலுமிச்சை அல்லது நெல்லிக்காய் சேர்த்தால் இரும்புச்சத்து நன்கு உட்கொள்ளப்படும். உண்ட உடனே தேநீர் குடித்தால் அது தடைபடும். கேழ்வரகில் சுண்ணாம்புச் சத்து மிகுதி. அது எலும்புக்கு நல்லது, மறதிக்கு மருந்தாகாது.

நாமக்கல் முட்டை நாடெங்கும் செல்கிறது. அதைப் பொறுக்கி அடுக்கும் பெண்ணின் தட்டிலும் அது இருக்க வேண்டும். நரம்புகளுக்கு வேண்டிய பி12 உயிர்ச்சத்தும் கோலினும் முட்டையில் உள்ளன. முழுச் சைவ உணவு உண்போர் பி12 அளவைப் பரிசோதித்துக்கொள்வது நல்லது.

மூலிகை: வல்லாரையும் நீர்ப்பிரமியும் நினைவுக்கு நல்லவை என்பது பழைய நம்பிக்கை. இலக்னோவில் உள்ள மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனம் நீர்ப்பிரமியை ஆராய்ந்துள்ளது. நீர்ப்பிரமி சிறிதளவு பயன் தருவதாகச் சில சிறு ஆய்வுகள் கூறுகின்றன. ஆனால் மாதவிடாய் நிறைவுக்கால மறதிக்கு அவை மருந்து என்று உறுதி செய்யும் பெரிய ஆய்வு இல்லை. வல்லாரைத் துவையல் உணவாக நல்லது. மாத்திரையாகவும் லேகியமாகவும் மாதக்கணக்கில் உண்பதாயின் பதிவு பெற்ற சித்த மருத்துவரின் ஆலோசனை வேண்டும். தைராய்டு, சர்க்கரை, வலிப்பு ஆகியவற்றுக்கு ஏற்கெனவே மருந்து உண்போர் அதை அவரிடம் சொல்ல வேண்டும். சோயா மொச்சைப் புரதத்தை இரண்டரை ஆண்டுகள் கொடுத்துப் பார்த்த அமெரிக்க ஆய்வு ஒன்று 2012 இல் வெளியானது. அதில் பொது அறிதிறனில் மேம்பாடு எதுவும் காணப்படவில்லை.

குறித்து வைத்தல்: மறதியை மறைக்க முயலும்போது பதற்றம் கூடுகிறது, பதற்றம் மறதியைக் கூட்டுகிறது. சாவிக்கும் மாத்திரைக்கும் பணப்பைக்கும் ஒரே இடம் வைத்துக்கொள்ளுதல், வேலையை முடித்ததும் நாட்காட்டியில் குறியிடுதல், ஒரு நேரத்தில் ஒரு வேலை செய்தல் ஆகியவை எளிய துணைகள். சுய உதவிக் குழுவில் பணம் வாங்கிய உடனே எழுதுதல், இருவர் சேர்ந்து எண்ணுதல், கூட்டம் முடியும் முன் தொகையை உரக்கப் படித்தல் என்ற வழக்கங்கள் இருந்தால், யாருடைய மறதியும் யார் மேலும் பழியாகாது. நல்ல குழுக்கள் கணக்கு நேர்மைக்காகக் கடைப்பிடிக்கும் ஒழுங்கும் இதுவே.

எப்போது மருத்துவரைப் பார்க்க வேண்டும்

தைராய்டு சுரப்புக் குறைவு, இரத்தசோகை, பி12 குறைபாடு, சர்க்கரை நோய், மனச்சோர்வு ஆகியவையும் இதே மறதியைத் தரும். எளிய இரத்தப் பரிசோதனையில் இவற்றுள் பலவற்றை அறியலாம். கிருஷ்ணகிரி மாவட்டத்தில் 2021 ஆகஸ்டு 5 அன்று தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இரத்த அழுத்தமும் சர்க்கரையும் வீட்டிலேயே பார்க்கப்படுகின்றன. அப்போது மறதியையும் தூக்கமின்மையையும் சொல்லிவிடலாம்.

டிமென்ஷியாவின் தன்மை வேறு. மூளை மந்தத்தில் பொருளை வைத்த இடம் மறக்கும். பிறகு நினைவுக்கு வரும். டிமென்ஷியாவில் அப்பொருளின் பயனே மறந்துபோகலாம். தெரிந்த தெருவில் வழி தவறுதல், கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்டல், அன்றாட வேலை செய்யத் தெரியாமற்போதல் ஆகியவை தோன்றினால் தாமதிக்கக் கூடாது. இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்களில் 7.4 விழுக்காட்டினருக்கு டிமென்ஷியா இருப்பதாக 2023 இல் வெளியான மதிப்பீடு கூறுகிறது. நாற்பதுகளில் அது அரிது. ஆகவே 46 வயதில் பெயர் மறக்கும் பெண் முதலில் அஞ்ச வேண்டியது டிமென்ஷியாவுக்கு அன்று.

மாதவிடாய் திடீரென மிகுதியாகப் போனாலோ, முற்றிலும் நின்று ஓராண்டு ஆனபின் மீண்டும் இரத்தம் கண்டாலோ, அதை இப்பருவத்தின் இயல்பு என்று விட்டுவிடாமல் உடனே மகப்பேறு மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

பெண்ணுக்கு இன்று 40 வயதுக்குப் பின்னும் ஏறத்தாழ முப்பது, நாற்பது ஆண்டு வாழ்வு இருக்கிறது. பள்ளியில் பூப்பு எய்துதலைப் பற்றிச் சொல்லித் தருவதுபோல், மாதவிடாய் நிறைவைப் பற்றியும் அதில் வரும் மறதியைப் பற்றியும் குழுக் கூட்டங்களில் பேச ஒரு மணி நேரம் போதும். ‘இது வந்து போகும்’ என்று முன்கூட்டியே கேள்விப்பட்ட பெண், மறதி வரும்போது கணக்குப் புத்தகத்தை வேறொருவரிடம் கொடுத்துவிட மாட்டார்.